அமெரிக்கக் கடைக்கு லுணுகலையில் ஒரு கிளை

தான் ஓர் அமெரிக்கக் கடையின் ஊவா மாகாணக் கிளை என்பது கம்சலாவுக்குத் தெரிய வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். அப்போது அவள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், தண்ணீர் விழும் பீலியடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

லுணுகலை ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் ஒரு ஜீப் ஏறி வந்தது. டெங்குக்காரர்கள் என்று சிலர் தண்ணீர் வாளிகளைக் கவிழ்த்தார்கள். வோட்டுப் பதிகிறவர்கள் என்று சிலர் அடையாள அட்டையைத் தேடினார்கள். ஜீப்பிலிருந்து அளவு நாடாவோடு ஒரு பியோனும், குடையோடு ஓர் அதிகாரியும் இறங்கினார்கள்.

"மிஸ் கம்சலா எண்டது ஆர்?"

"நாந்தாங்க."

அதிகாரி இரண்டு கையையும் கூப்பினார். எலக்‌ஷன் இல்லாத காலத்தில் அந்த லயத்தில் யாரும் யாரையும் கும்பிட்டதில்லை. 'குடி கெடப்போகுதுன்னு அப்பவே நெனச்சேன்' என்று அம்மா மீனாம்பாள் பிற்பாடு சொன்னாள்.

"வணக்கம். நான் இரகுநாதன். மாகாணத் தொலைவிற்பனை வரித் திணைக்களத்தின்ரை உதவி ஆணையாளர். உங்கடை கிளையைப் பார்க்க வந்தனான்."

"என்ன கிளைங்க?" என்று கம்சலா அண்ணாந்து பார்த்தாள். பீலிக்கு மேலே ஒரு கொய்யா மரம் நின்றது. அதைத்தான் கேட்கிறார் போலும் என்று நினைத்தாள்.

நடந்தது இதுதான். கம்சலா ஏ.எல். வகுப்பு வரை படித்தவள். பதுளைக் கடைத்தெருவில் மஹ்ரூப் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் டைப் அடிக்கும் வேலை. ஆள் வராத நேரத்தில் அங்கிருந்த கொம்பியூட்டரில் தேயிலையைப் பற்றி இங்கிலீஷில் ஓர் இணையப் பக்கம் எழுதிவந்தாள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஊவாத் தேயிலைக்கு எப்படி அந்த வாசம் வருகிறது, எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும், கொழுந்து எடுக்கிறவர்களின் வீட்டில் ஏன் தூள் மட்டும் கிடைக்கிறது என்றெல்லாம் எழுதினாள். எங்கெங்கோ இருக்கும் வெள்ளைக்காரர்கள் படித்தார்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில், கெட்டிலும் கோப்பையும் விற்கும் ஓர் அமெரிக்க இன்டர்நெட் கடைக்குப் போகும் லிங்க் போட்டிருந்தாள். அதை அழுத்திப்போய் யாராவது ஏதாவது வாங்கினால், கடை இவளுக்குச் சிறு கொமிஷன் கொடுக்கும்.

கடைக்கு இவளைத் தெரியாது. நடுவில் ஒரு கம்பெனி இருந்தது. அது தன்னை வலையமைப்பு என்று சொல்லிக்கொண்டது. உலகம் பூராவும் இவளைப்போல லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து ஆளுக்கொரு நம்பர் கொடுத்திருந்தது. 'அன்பான பங்காளியே' என்று ஆரம்பித்து, 'இதற்குப் பதில் எழுத வேண்டாம்' என்று முடியும் மெயில்களை அனுப்பும். எப்போதாவது ஒரு செக்கும் அனுப்பும். அந்தச் செக்கில்தான் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவுக்கு மேலே ஓட்டைத் தகரத்தை மாற்றினார்கள். மீனாம்பாளின் முழங்காலைப் பதுளையில் ஸ்பெஷலிஸ்டிடம் காட்டினார்கள். கம்சலாவின் வியாபாரம் அவ்வளவுதான்.

திணைக்களத்தின் கதை வேறு. பதுளைக் கடைத்தெருக்காரர்கள் கட்டும் வரியை இன்டர்நெட்டில் விற்கும் வெளிநாட்டுக் கடைகளும் கட்ட வேண்டும் என்று முந்தின வருஷம் உண்டானது அது. கட்டடம் வந்தது, ஜீப் வந்தது, முத்திரை வந்தது. வரிதான் வரவில்லை. ஏனென்றால் ஊவாவில் கால் வைக்காத கடையிடம் ஊவா வரி கேட்க முடியாது என்று சட்டம் சொன்னது. ஆகவே திணைக்களம் ஒரு வருஷமாகக் காலைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ இன்டர்நெட்டில் 'ஊவா' என்று தட்டிப் பார்க்க, கம்சலாவின் பக்கம் வந்தது. கீழே பேரும் தோட்டத்து விலாசமும் இருந்தன.

திங்கட்கிழமை பதுளையிலுள்ள திணைக்களக் கந்தோருக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். போனாள். உட்காரக் கதிரை கொடுத்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்தார்கள். எந்தக் கந்தோரிலும் அவளுக்கு அதுவரை கதிரை கிடைத்ததில்லை. அதனால் அவளுடைய பயம் இன்னும் கூடியது.

"பாருங்கோ பிள்ளை," என்றார் இரகுநாதன். "அந்தக் கடைக்கு ஊவாவிலை கட்டடம் இல்லை. லொறி இல்லை. சம்பளத்துக்கு ஆள் இல்லை. அதுக்காகக் கடை இஞ்சை இல்லையெண்டு சொல்லலாமோ? அதுக்கு ஆக்களைப் பிடிச்சுக் குடுத்துக் கொமிஷன் வாங்குற ஒருத்தர் இஞ்சை இருந்தால், கடையும் இஞ்சை இருக்கிறதாத்தான் சட்டம் எடுக்கும். நீங்கள் இருக்கிறியள். ஆனபடியால் கடை இருக்குது. காலைத் தேடினம், கால் நீங்கள்தான்."

"சேர், நான் ஒரு லிங்க் போட்டேன். அவ்வளவுதாங்க."

"போர்ட் எண்டால் என்ன? கடைக்கு வழி காட்டுறது. லிங்கும் அதைத்தானே செய்யுது?"

"ஊவாவுல இருந்து ஒருத்தருமே அந்தக் கடையில ஒன்னும் வாங்கலைங்களே?"

"அது வாங்காத ஆக்களின்ரை குறை. சட்டத்திலை குறை இல்லை."

"அப்படின்னா லிங்க இன்னைக்கே எடுத்துர்றேன் சேர்."

இரகுநாதன் பதறிப்போய் எழுந்துவிட்டார். "ஐயோ பிள்ளை, அப்பிடிச் செய்து போடாதேங்கோ! அது சாட்சியத்தை அழிக்கிற குற்றம்." பிறகு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, மனம் விட்டுப் பேசினார். "போன வருசம் முழுக்க எங்களிட்டை ஒரு கோப்பும் இல்லை. மாகாணக் கூட்டத்துக்குப் போனால் மற்றத் திணைக்களக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவை. வீதிக்காரரிட்டைக் குழியாவது இருக்குது, எங்களிட்டை என்ன இருந்தது? இண்டைக்கு எங்களுக்கு ஒரு கோப்பு இருக்குது. நீங்கள் எங்களுக்குத் தெய்வம் மாதிரி."

அப்படித்தான் கம்சலா கிளை முகாமையாளர் ஆனாள். மஹ்ரூப் நானா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கொம்பியூட்டரின் வயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே, "தங்கச்சி, கொஞ்ச நாளைக்கு வராம இருங்களே. உங்களால எங்கட கடையும் அமெரிக்காவாகிட்டா நான் எங்க போற?" என்றார். வேலையும் போனது.

அடுத்து கிளைப் பரிசோதனை நடந்தது. பியோன் காம்பராவை அளந்தான். நான்கு எட்டில் அளந்து முடித்துவிட்டு, மிச்சம் எங்கே என்பதுபோலப் பார்த்தான். இரகுநாதன் அடுப்பைப் பார்த்தார், சாமிப் படத்தைப் பார்த்தார், கொடியில் காயும் சேலைகளைப் பார்த்தார்.

"வாடிக்கையாளர் இருக்கிற இடம் எது?"

"அம்மா படுக்கிற எடந்தாங்க."

"வாடிக்கையாளருக்கான மலசலகூடம்?"

கம்சலா லயத்துக்கே பொதுவாக இருந்த கக்கூசைக் கைகாட்டினாள். இரகுநாதன் அந்தத் திசையில் சிறிது தூரம் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, 'விசாலமானது, எல்லா இனத்தவரும் பயன்படுத்தத்தக்கது' என்று எழுதிக்கொண்டார். குறை எழுதினால் கிளையைப் பதிய முடியாது, பதியாவிட்டால் கோப்பு நிற்காது. போகும்போது மூன்று மொழியிலும் எழுதிய ஒரு தகரப் போர்டைக் கதவுக்கு மேலே அடித்துவிட்டுப் போனார்கள். அதில் திணைக்கள முத்திரை இருந்தது. காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை என்று நேரம் இருந்தது.

அன்று சாயங்காலமே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மேல் லயத்திலிருந்து ஒருத்தி மகனின் சேர்டிபிகேட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து, "பாப்பா, ஓவசியர் வேலை இல்லாட்டியும் வாச்சர் வேலையாவது போட்டுக்குடு" என்றாள். இல்லை என்று சொல்ல, "அமெரிக்கா வந்ததும் எங்கள கண்ணு தெரியல" என்று கோபித்துக்கொண்டு போனாள்.

கம்சலா லுணுகலையில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போய், வலையமைப்புக்கு நடந்தது எல்லாவற்றையும் விளக்கி மெயில் எழுதினாள். கடைக்கு ஒரு சொல் சொல்லுங்கள், நான் உங்கள் கிளை இல்லை என்று ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று கெஞ்சினாள். இரண்டொரு நாளில் பதில் வந்தது.

'அன்பான பங்காளியே, உங்கள் மாகாணத்தின் வரிச் சட்டம் காரணமாக, ஊவாவில் வசிக்கும் எல்லாப் பங்காளிகளையும் உடனடியாக நீக்குகிறோம். எழுதப்படாத செக்குகள் எழுதப்பட மாட்டா. உங்களை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.'

ஊவாவில் வசிக்கும் எல்லாப் பங்காளிகள் என்பது அவள் ஒருத்திதான். வருமானம் போனதே என்று அழுதாள். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. கால் போய்விட்டதே, இனிக் கடை எங்கே நிற்கும்? பிரிண்ட் எடுத்துக்கொண்டு பதுளைக்கு முதல் பஸ்ஸில் ஓடினாள்.

இரகுநாதன் இரண்டு தரம் படித்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளை, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தனான். உங்களுக்கும் கடைக்கும் தொடர்பு இருந்தது எண்டதுக்கு எழுத்திலை ஒண்டும் இல்லாமல் இருந்தது. இப்ப அவையே தந்திட்டினம். வேலையாள் அல்லாத ஒருத்தரை வேலையிலை இருந்து நிப்பாட்ட ஏலுமோ?"

"நிப்பாட்டிட்டாங்களே சேர்! இப்ப நான் யாருமே இல்லையே!"

"அவை உங்களைத்தான் நிப்பாட்டினவை. கிளையை நிப்பாட்டயில்லை. கிளையை மூடுறதெண்டால் தலைமைக் கந்தோர் ஆள் நேரிலை வந்து இந்த மேசையிலை கையெழுத்து வைக்க வேணும். அமெரிக்காவிலை இருந்து பதுளைக்கு நேரா ஒண்டும் இல்லை, கொழும்பிலை இறங்கி இரவு மெயில் ரெயினிலை வரச் சொல்லுங்கோ."

கோப்பு தடித்துவிட்ட சந்தோஷத்தில் திணைக்களம் விழா எடுக்கத் தீர்மானித்தது. 'ஊவாவின் முதலாவது வெளிநாட்டு வணிகக் கிளை'க்குத் திறப்பு விழா. மாகாண சபை உறுப்பினர் ஒருவர் பிரதம விருந்தினர். லயத்து முன் திண்ணையான இஸ்தோப்பில் வாழைமரம் கட்டினார்கள். காம்பராக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். விருந்தினர் வரப் பிந்தியது. மழை பிடித்துக்கொண்டது.

மீனாம்பாள் கொழுந்து எடுத்துவிட்டு மலையிலிருந்து இறங்கி வந்தாள். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் வெறுங்கூடை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்டக் காலை இழுத்து இழுத்து வந்து தன் வீட்டு வாசலில் கை வைத்தாள். பியோன் தடுத்தான்.

"கொஞ்சம் பொறுங்கம்மா. இன்னும் திறக்கல்ல."

"என் வீட்டுக்குள்ள நான் போகக் கூடாதா தம்பி?"

"போகலாம், போகலாம். திறந்த பிறகு."

மீனாம்பாள் நின்றாள். இஸ்தோப்புப் பூராவும் கதிரை போட்டிருந்ததால் மழையில்தான் நின்றாள். கம்சலா மாலையும் கழுத்துமாக மேடையில் உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். எழுந்து ஓடப் பார்த்தபோதெல்லாம், "முகாமையாளர் எழும்பக் கூடாது" என்று இரகுநாதன் கையமர்த்தினார்.

உறுப்பினர் வந்தார். ரிப்பன் வெட்டினார். பேசினார். "நூற்றைம்பது வருஷமாக நாம் வெளிநாட்டுக்காரனுக்குத் தேயிலை அனுப்பினோம். இன்றைக்கு வெளிநாட்டுக்காரன் நம் லயத்துக்கே வந்துவிட்டான். இந்தக் கூரைக்குக் கீழே உலகச் சந்தை இருக்கிறது. இதைவிட நம் மக்களுக்கு வேறென்ன வீட்டுத் திட்டம் வேண்டும்?" கைதட்டினார்கள். அப்போதுதான் அவர் மீனாம்பாளைக் கண்டார். "கொழுந்துக் கூடையோட ஒரு அம்மாவையும் ஏற்பாடு பண்ணியிருக்கீங்களே, நல்ல ஐடியா" என்று மெச்சி, அவளைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார்.

படம் பேப்பரில் வந்தது. பேப்பர் தோட்டத்துக் கந்தோருக்கும் வந்தது. மறுநாள் பெரிய கிளாக்கர் இராசையா வாச்சரோடு வந்தார்.

"மீனாம்பா, சாமான எடுத்து வெளிய வை. காம்பரா தொழிலாளிக்குக் குடுத்தது. இங்க அமெரிக்கக் கம்பெனி நடக்குதுன்னு பேப்பர்லயே வந்திருச்சு. தொர பூட்டச் சொல்லிட்டாரு."

"கிளாக்கரையா," என்றாள் கம்சலா, "தெனம் இந்த வழியாத்தான போறீங்க. ஒரு நாளாவது இங்க கடைய பாத்தீங்களா?"

"நான் பாக்கறது வேற, தோட்டம் பாக்கறது வேற. தோட்டத்துக்குக் கண்ணுல போர்ட் மட்டுந்தான் தெரியும். கிளைய மூடியாச்சுன்னு ஒரு கடுதாசி கொண்டா, நானே தொறந்து விடுறேன்."

பூட்டுப் போட்டார்கள். போர்டைத் தொடவில்லை. அது அரசாங்க முத்திரை உள்ள போர்ட்.

பக்கத்துக் காம்பராக்காரி தன் இஸ்தோப்பில் இடம் கொடுத்தாள். மூட்டைகளுக்கு நடுவில் மீனாம்பாள் காலை நீட்டக்கூட இடமில்லாமல் சாய்ந்து கிடந்தாள். ஈரத்தில் முழங்கால் வீங்கி, காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போக முடியாமல் ஆனது. "நீ படிச்சிருக்கவே கூடாதுடி" என்று அவள் சொன்னாள். அம்மா அதைத் திட்டாகச் சொல்லியிருந்தால் கம்சலா தாங்கியிருப்பாள். மீனாம்பாள் யோசித்து, மெதுவாகத்தான் சொன்னாள்.

சங்கத்துத் தலைவர் சின்னராசாவிடம் போனார்கள். அவர் கவனமாகக் கேட்டார்.

"கிளை முகாமையாளர்னா நிர்வாகம். நிர்வாகத்துக்காகச் சங்கம் போராடுன வரலாறே கெடையாது."

"நான் சந்தா கட்றேனே தலைவரே," என்றாள் மீனாம்பாள்.

"அதான் சொல்ல வர்றேன். நீங்க தொழிலாளி. உங்கள வீட்ட விட்டு வெளியாக்குனதுக்குக் காரணம் யாரு? கிளை. கிளை யாரு? உங்க மக. மகளுக்கு எதிரா வேலைநிறுத்தம் வேணும்னா நாளைக்கே வெக்கலாம். மத்த டிவிஷனும் சேரும்."

மீனாம்பாள் மகளைப் பார்த்தாள். பிறகு தலைவரைப் பார்த்தாள். "அப்படி வெச்சா வீடு கெடைக்குங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விதான் கம்சலாவை எழுப்பி மறுபடியும் பதுளை பஸ்ஸில் ஏற்றியது. கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தாள்.

கந்தோர் வாசலில் ஒரு லொறி நின்றது. அலுமாரிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பியோன் ஏணியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினான். இரகுநாதன் தரையில் சம்மணமிட்டுக் கோப்பைச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அது கம்சலாவின் கோப்பு.

"திணைக்களத்தைக் கலைச்சுப் போட்டினம் பிள்ளை. வரியே சேராத திணைக்களம் எதுக்கெண்டு கேட்டினமாம். விழாச் செலவையும் சொல்லிக் காட்டிச்சினம். என்னை மொனராகலைக்கு மாத்தியாச்சு. அங்கை கரும்புப் பகுதி." அவர் குரல் உடைந்தது. "ஒரு கோப்பை வளத்து ஆளாக்கிறது எவ்வளவு கஷ்டம் எண்டு அவைக்கு விளங்காது."

கம்சலாவுக்கு மூச்சே இலகுவாகிவிட்டது. "அப்ப எங்க கிளையும் மூடியாச்சுங்களா சேர்?"

"சீச்சீ! திணைக்களந்தான் மூடினது. கிளை திறந்துதான் இருக்குது. கிளையை மூடுறதெண்டால் திணைக்களத்தின்ரை முத்திரை வேணும். முத்திரையை நேற்று அரக்கு வைச்சுக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டம்."

"வேற யாரு சேர் மூடுவாங்க?"

"ஒருத்தரும் மூட ஏலாது."

"எங்கம்மா மழையில கெடக்குறாங்க சேர்." அவள் அழுதாள். லொறிக்காரர்கள்கூட ஒரு கணம் நின்று பார்த்தார்கள்.

இரகுநாதன் கெட்டவர் இல்லை. ஆறுதல் சொல்ல விரும்பினார். தனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னார். "ஏன் பிள்ளை அழுறியள்? உங்கடை கிளையை இனி ஆரும் பரிசோதிக்க ஏலாது. ஆரும் அபராதம் போட ஏலாது. மூட ஏலாது, மாத்த ஏலாது, பூட்ட ஏலாது. திணைக்களம் இருந்திருந்தால் நாங்களாவது ஏதும் செய்திருப்பம். இந்த மாகாணத்திலை ஆருமே தொட ஏலாத இடம் உங்கடை கிளை ஒண்டுதான். என்ரை கதிரைக்குக்கூட அப்பிடியொரு பாதுகாப்பு இருக்கயில்லை."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அந்த வார்த்தைகளை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தைரியம் என்று சொல்ல முடியாது. போக வேறு இடம் இல்லாதவளுக்கு வரும் ஒரு மரத்துப்போன நிலை அது. லுணுகலையில் இறங்கி நேரே லயத்துக்கு ஏறினாள். பக்கத்துக் காம்பராவில் ஓர் அலவாங்குக் கம்பி சாத்தியிருந்தது. அதை எடுத்தாள்.

"வேணாம்டி! பொலிசு வரும்டி!" என்று மீனாம்பாள் எழ முடியாமல் இருந்த இடத்திலிருந்தே கத்தினாள்.

கொண்டியோடு பூட்டு பெயர்ந்து விழுந்தது. கம்சலா மூட்டைகளை உள்ளே போட்டாள். அம்மாவைத் தாங்கிக்கொண்டுபோய் அடுப்படியில் உட்கார வைத்தாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துக் கதவு நிலையில், போர்டுக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்தாள். லயமே கூடிவிட்டது. யாரும் கிட்ட வரவில்லை.

இராசையா மூச்சு வாங்க ஓடி வந்தார். பின்னால் வாச்சர்.

"என்னா வேல செஞ்சிருக்க நீ? தோட்டத்துப் பூட்ட ஒடைச்சிருக்க!"

"வாங்க கிளாக்கரையா," என்றாள் கம்சலா. "கிளை தொறந்திருக்கு. என்ன வாங்கறீங்க?"

"வெளையாடாத. எழும்பு."

"எழும்ப முடியாதுங்க. இது அமெரிக்கக் கடை, பேப்பர்ல வந்திருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க? இத மூடறதுக்கு யாருக்கும் அதிகாரம் இல்லைன்னு இப்பத்தான் பதுளையில கேட்டுட்டு வர்றேன். இத்தன நாளு பூட்டிப்போட்டது யாரு உத்தரவுலன்னு நாளைக்கு அமெரிக்காவுல கேப்பாங்க. தொர பேரச் சொல்லவா, உங்க பேரச் சொல்லவா?"

இராசையா அண்ணாந்து போர்டைப் பார்த்தார். மூன்று மொழியையும் பார்த்தார். முத்திரையை வெகு நேரம் பார்த்தார். திணைக்களம் கலைந்த சேதி தோட்டத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. வந்திருந்தாலும் முத்திரை முத்திரைதானே. அவர் ஓர் அடி பின்னால் வைத்தார்.

"இரு. தொரகிட்ட கேட்டுட்டு வர்றேன்."

அவரும் வாச்சரும் துரையின் பங்களாப் பாதையில் இறங்கிப் போனார்கள். கூட்டம் மெல்லக் கலைந்தது. துரை என்ன சொல்வார், பொலிஸ் வருமா, அந்தப் போர்ட் எத்தனை நாளைக்குத் தாங்கும், கம்சலாவுக்குத் தெரியவில்லை. உள்ளே அடுப்பு புகைந்தது. ரொட்டி வேகும் வாசம் வந்தது.

"உள்ள வாடி. வந்து ஒரு வாய் சாப்புடு."

"நீ சாப்புடும்மா," என்றாள் கம்சலா, பங்களாப் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் எந்திரிச்சா கடைய மூடுன மாதிரி ஆயிரும்."